சுல்தானாவின் மகள்கள்

ரதீபா: ...முட்டையே போடலைன்னு சொல்லல தவ்லத் அக்கா. ஒரு நாள் போடுது, மறுநாள் லீவு. மூணும் அப்படித்தான்!

தவ்லத்: உச்சி வெயில்ல மொட்டை மாடிச் சுவர்ல தொங்கிக்கிட்டு கத்தாதடி. தெருவே கேக்குது.

ரதீபா: கேக்கட்டும். என் கொழுத்த வாத்த வாங்கிக்கிட்டு சுல்தானாவோட குஞ்சு மூணக் குடுத்தப்ப என்ன சொன்னீங்க? "எங்க சுல்தானா மாதிரி தினம் முட்டை போடுற கோழி இந்த ஃபய்யூம் ஊர்லயே கிடையாது, பொண்ணுங்களும் அப்படியே வரும்"னு...

தவ்லத்: சுல்தானா இன்னிக்கும் போட்டாச்சே! அதுவும் எப்படி... ஓட்டு மேல நீலமா ஒரு தீற்றல். கண்ணு படக்கூடாதுன்னு ஆண்டவனே வெச்ச பொட்டு!

ரதீபா: நீலமாவா...? அடேங்கப்பா! அப்ப பொண்ணுங்களுக்கு மட்டும் என்ன கேடு?

தவ்லத்: எல்லாம் அம்மாகிட்டருந்தேவா வரும்? அப்பன் பக்கமும் பாக்கணும்ல.

ரதீபா: சேவலா முட்டை போடுது?

தவ்லத்: சேவல் போடாது. அவனப் பெத்தவ போட்டிருப்பால்ல? அந்த ரத்தம் பேத்திக்கு வரும். அப்பன் யாரு தெரியுமா? சுவரேறிக் குதிச்சு வர்ற உங்க ஒத்தக்கண்ணுச் சேவல்தான்!

ரதீபா: அவனப் பெத்தவ எங்க செவலைக் கோழி...

தவ்லத்: ஆங்! பாத்தியா!

ரதீபா: செவலையையும் குத்தம் சொல்ல முடியலக்கா. காலையில விரல் விட்டுப் பாத்தா உள்ள முட்டை தட்டுப்படுது. சாயங்காலம் கூண்டுல பாத்தா... ஒண்ணும் இல்ல.

தவ்லத்: ...பாம்பு தின்னிருக்கும்.

ரதீபா: மாடி ஏறி வந்தா?

தவ்லத்: அப்ப கீரி... பூனை... எனக்கென்னடி தெரியும்!

ரதீபா: சரி, நீங்க சொல்றதுதான் நியாயம். ரத்தமே கெட்டது. இன்னிக்கே செவலையை அறுத்துடறேன். முலூகிய்யா கீரை ஆஞ்சு வெச்சிருக்கேன், சாப்பிட வந்துடுங்க.

தவ்லத்: அய்யய்யோ, அவள எதுக்கு? சேவல அறு!

ரதீபா: கிழட்டுக் கோழிலதான் கீரைக்குச் சாறு நல்லா இறங்கும். இதோ, கூண்டத் திறந்துட்டேன்... புடிச்சாச்சு... பிஸ்மி சொல்லி அறுக்கப் போறேன்...

தவ்லத்: நில்லுடி! அவ போனா என் மானம் போயிடும்!

ரதீபா: என் கோழி போனா உங்க மானம் எப்படிக்கா போகும்?

தவ்லத்: சுல்தானா... ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுறா. அவ சும்மா இருக்குற நாள்ல உன் செவலை சுவரு தாண்டி வந்து, அதே வைக்கோல்ல போட்டுட்டுப் போறா. நான் கூப்பிடலடி, அவளா வந்தா! ஊரெல்லாம் சுல்தானா பெருமை பேசிட்டேன்... அப்புறம் எப்படி வாயத் திறக்குறது? ஏய், சத்தத்தையே காணோம்... அறுத்துட்டியா?

ரதீபா: கத்தி கீழ அடுப்படியில கிடக்கு, பயப்படாதீங்க. என் மூணு பொண்ணுங்க மேல தப்பே இல்ல, அம்மாவ அப்படியே உரிச்சு வெச்சிருக்கு. செவலை போட்ட முட்டைக்கு ஈடா வாத்து வீடு வந்து சேரட்டும். அப்புறம் அந்த நீலப் பொட்டு... அது ஆண்டவன் வெச்சதில்லக்கா. இன்னிக்குக் காலையில விரலை சலவை நீலத்துல தோய்ச்சுட்டுத்தான் செவலைக்குள்ள விட்டேன்.