தனித்திருக்கும் அணுவைக் கனவு கண்ட தாரகன்

மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! ஸ்டுட்கார்ட் மழையை வென்று வந்து இந்த மண்டபத்தை நனைத்திருக்கும் உறவுகளே! வணக்கம்.

பிளாட்டின அணுக்களின் பேரரசர், கலாநிதி தாரகன் மறைந்துவிட்டார். அவருடைய பெரியப்பா மகன் என்பதற்காகச் சொல்லவில்லை; செய்தி கேட்டு நெக்கார் ஆறு ஒரு நிமிடம் ஓடாமல் நின்றது. நீங்கள் பார்க்கவில்லையா? நான் பார்த்தேன்!

என்ன செய்தார் தாரகன்? கார்ப் புகையின் நஞ்சை முறிக்கும் வினையூக்கி செய்தார். அதில் பிளாட்டினம் கட்டியாகக் கிடந்தால் உள்ளே அகப்பட்ட அணுக்களுக்கு வேலையில்லை. தனித்தனியே இருத்தினால் ஒவ்வோர் அணுவும் உழைக்கும். ஆனால் சூடு பட்டதும் ஒன்றையொன்று தேடி ஓடிவிடுமே! அதை அவரே எனக்கு ஒருநாள் விளக்கினார்:

"அண்ணை, எங்கட கலியாண வீட்டில கதிரையளைத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பாருங்கோ. சாப்பாட்டு வாசம் வந்தவுடன இழுத்துக்கொண்டு போய் ஊர் ஊராக் குந்தியிருப்பினம். அணுவும் அப்பிடித்தான்."

"அப்ப கதிரைக்கு ஆணி அடிச்சு விடன்!"

"ஓம், அதைத்தான் செய்யிறன். ஆணிதான் இன்னும் பிடிபடேல்லை."

கண்ணை மூடினால், அணுக்களை இருத்த அவர் செய்த பரப்பு, அவர் சொன்னபடியே எனக்குத் தெரிகிறது. எல்லையற்ற வெளிர்மஞ்சள் வெளி. ஓசையில்லை. தொலைவுக்குத் தொலைவு ஒரு சிறு பள்ளம்; அதுதான் அவர் தேடிய ஆணி. பள்ளத்துக்குள் ஓர் அணு, தன்னந்தனியாக, மிதந்து வரும் புகைக்காகக் காத்திருக்கிறது. அங்கேதான் அவர் உலாவிக்கொண்டிருந்தார். நம்மோடு சோறு உண்டபோதும் அங்கேதான்!

அணு தனியே இருக்கிறதா என்று ஒரு வாயுவைச் செலுத்திப் பார்ப்பார். தனி அணுவைத் தொட்டால் திரையில் ஒரு கோடு. கூட்டத்தைத் தொட்டால் பக்கத்தில் இன்னொன்று. போன வருடம் ஒரே கோடு. மாலையோடு ஓடினோம்! அவரோ அதையே மறுபடி சூடாக்கினார். இரண்டாவது கோடு எழுந்தது.

"மாலையைக் கொண்டுபோங்கோ அண்ணை. கூடிட்டினம்."

பிறகு புதிய பள்ளங்களோடு வேறொரு பரப்பை உருவாக்கினார். அது உலையில் இருக்கும்போதே அவருடைய இதயம் நின்றது. அது இன்றும் உலையில்தான் இருக்கிறது. காவலுக்கு அவருடைய ஆய்வு மாணவி யாமினி. அவளுடைய முனைவர் பட்டமும் அதில்தான் தொங்குகிறது. "வெற்றி என்று இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லம்மா, அவருடைய ஆன்மா குளிரும்" என்று நம் தமிழ்ச் சங்கமே கேட்டது.

"சாரி அங்கிள். ஹீட்டிங் இன்னும் முடியலை. ரிசல்ட் வராம எப்படிச் சொல்றது? சார் இருந்தா என்னை லேபுக்குள்ளயே விடமாட்டார்."

கேட்டீர்களா? இவளைவிட அவருக்கு வேறு சிலை வேண்டுமா?

தாரகா, இந்தச் சபையறிய உறுதி சொல்கிறோம். செவ்வாய்க்கிழமை உலை திறக்கும். ஒரு கோடு வந்தால் பிராங்பேர்ட் விமானங்கள் திசைமாறும் அளவுக்கு வெடி கொளுத்துவோம். இரண்டு வந்தால் யாமினி முதலிலிருந்து தொடங்குவாள். சங்கம் அவளுக்குத் துணை நிற்கும். ஒன்றை ஆயிரமாக்கியே பழகிய வாய் இது. ஆனாலும் இரண்டு கோடு வந்தால், அன்றைக்கு இதே மேடையில் ஏறி, இரண்டு என்றே சொல்வேன்.