மணிமுத்தாறு மேட்டில் டர்போ கார் பின்னால் உருண்டது பற்றி

என் பெயர் காந்திமதிநாதன், வயது 52, தகப்பனார் பெயர் சங்கிலிபூதத்தான். கல்லிடைக்குறிச்சி சந்தைத் தெருவில் குடியிருந்துகொண்டு, கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை நடத்தி வருகிறேன். மேட்டில் கார் பின்னால் உருளத் தொடங்கியதும் முதலில் குதித்து ஓடியவன் நான்தான். போலீசார் வந்தபோது அஸ்ஃபியாவின் டீக்கடைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குத்தவைத்திருந்தவனும் நான்தான். பிறர் சொல்லி எழுதுமுன் நானே சொல்லிவிடுகிறேன். மற்றபடி இந்தச் சம்பவத்தில் எனக்குச் சம்பந்தம் கிடையாது.

காரை ஓட்டிய மணிராஜ் என் மனைவியின் தம்பி. போனில் வீடியோ பார்த்தே இஞ்சினியர் ஆனவன். சென்ற தை மாதம் தன் பழைய சின்ன காரில், காயலான் கடையில் எடுத்த ஒரு டர்போவை மாட்டினான். இஞ்சின் கக்கும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும், அது காற்றை அமுக்கி மறுபடி இஞ்சினுக்குள் தள்ளும், வண்டி பறக்கும் என்றான். காற்றுக் குழாய்க்குக் கிணற்று மோட்டாரின் ரப்பர் ஓஸையும், வளைவுக்கு வாஷ்பேசின் குழாயையும் போட்டான். யார் வீட்டு வாஷ்பேசின் என்பது விசாரணைக்குரியது.

அதன் பிறகு வண்டி பறக்கவில்லை. மிதித்தால் உஸ்ஸென்று சத்தம் வந்தது, கரும்புகை வந்தது, வேகம் மட்டும் வரவில்லை. அம்பாசமுத்திரம் ரோட்டில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்து எங்களை முந்திப் போனது. நானும் காருக்குள் இருந்தபடியால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு மேற்படியான் மணிராஜ், அமுக்கிய காற்று வழியில் எங்கோ கசிகிறது என்று கண்டுபிடித்தான். காது உள்ள எவனும் கண்டுபிடிப்பான். சைக்கிள் பம்பால் குழாய்க்குள் காற்றடித்து, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினான். எல்லா மூட்டும் நுரை முட்டை விட்டது. கசியாத இடத்தைத் தேடினால் சீக்கிரம் முடியும் என்றேன். "அத்தான், அண்டாவத் தவிர ஒமக்கு என்ன தெரியும்? சும்மா கெடயும்வே" என்றான். என்னையும்தான் சொல்ல வேண்டும். மறுநாளும் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

சம்பவ நாளான ஞாயிறு காலை, மணிமுத்தாறு மேட்டடியில் அஸ்ஃபியா கடையருகே காரை நிறுத்தி, குழாய்க்குள் புகை விட்டுப் பார்க்கலாம் என்றான். புகைக்கு என் கடைத் தூபக்காலில் சாம்பிராணி போட்டு, அடுப்பு ஊதும் புளோயரை வைத்து டர்போ பக்கமிருந்து ஊதினோம். புகை இஞ்சினுக்குள் போய்விடாதபடி, இஞ்சின் பக்கத்து முனையைக் கழற்றி, என் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி, விரல் எட்டும் மட்டும் நானே திணித்து அடைத்தேன். அதன் பிறகு கார் முழுக்கப் புகைந்தது. அஸ்ஃபியா, "அண்ணாச்சி, இது காரா, கொசுமருந்து வண்டியா? டீ குடிக்க வந்த ஆளு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போவுது" என்றார். நான் அவர் பக்கம் சேர்ந்து சிரித்தேன்.

அதன் பிறகு மேற்படியான் கசிந்த மூட்டுகளின் கிளிப்பை இறுக்கினான். இஞ்சின் பக்கத்து முனையை மட்டும், "நீ பூட்டினா அதுவும் கசியும்லே, தள்ளு" என்று சொல்லி நானே பூட்டினேன். மறுபடி சோப்புத் தண்ணீர் தடவியதில் என் முனையில் ஒரு முட்டைகூட வரவில்லை. இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு இருவரும் மேட்டில் ஏறினோம். உஸ் சத்தம் இல்லை. பாதி மேட்டில், மிதிக்க மிதிக்க இஞ்சின் மூச்சு முட்டி நின்றது. நின்றதும் பிரேக் மிதிபடாமல் மரக்கட்டை மாதிரி ஆனது. கை பிரேக்கைப் போடச் சொன்னேன். கனம் குறையட்டும் என்று அதைக் கழற்றி வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னான். அதன் பிறகு நான் குதித்ததை முன்பே சொல்லிவிட்டேன். கார் பின்னோக்கி வந்து அஸ்ஃபியாவின் வடைக் கண்ணாடிப் பெட்டியை உடைத்து நின்றது. ஆளுக்குச் சேதமில்லை.

அதன் பிறகு மணிராஜ், நான் கை வைத்ததால்தான் கெட்டது என்று போலீசார் வரும்வரை ரோட்டில் நின்று கத்தினான். அஸ்ஃபியா, "பொட்டிய ஒடச்சிட்டு சண்டை வேற போடுதியளா? தப்பு யாருதோ அவரு என் கடை வாசல்ல நாலு பேரு பாக்க மன்னிப்புக் கேக்கட்டும். கேசு வேண்டாம். மாட்டேன்னா ஸ்டேஷன்ல போயிப் பேசிக்கிடுங்க" என்றார். ஆகவே வந்திருக்கிறேன்.

அந்த வாசலில் நான் நின்றால், பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் சாம்பார் வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். என் கடையில் கரண்டி முதல் துண்டு வரை 'கா.நா.' என்று பெயர் போட்டிருக்கும். வைத்த பொருளை வைத்த இடத்தில் மறந்துவிட்டு வருகிற ஆள் நானில்லை. மேற்படியான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கும்போது எனக்கும் சொல்லி அனுப்பினால், முன் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கத் தயாராக இருக்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதுதான், அத்தனையும் உண்மைதான்.

(ஒப்பம்) ச. காந்திமதிநாதன்

குறிப்பு: மேற்படி ஒப்பத்துக்குப் பின், ஸ்டேஷன் வாசலில் மெக்கானிக் காரின் காற்றுக் குழாயைக் கழற்றியதில், இஞ்சின் பக்கத்து முனைக்குள்ளிருந்து சாம்பிராணி வாசனையுடன் துண்டு ஒன்று எடுக்கப்பட்டது. ஓரத்தில் பச்சை நூலில் 'கா.நா.' என்று உள்ளது.