நல்லா இறங்கிடுச்சு

என் பெயரும் விலாசமும் நான் ஏற்கெனவே கொடுத்த புகாரில் உள்ளபடியே. வயது நாற்பத்தொன்று. மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் நுரையீரல் நோய்ப் பிரிவில் ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். நான் வைத்தியம் பார்ப்பதில்லை. நோயாளிகளின் இரத்தத்தையும் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரையும் சோதித்து, அவற்றில் உள்ள எதிர்ப்பு அணுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. என் அண்ணன் இறந்ததற்கு அண்ணிதான் காரணம் என்று சென்ற வாரம் புகார் கொடுத்தவள் நானே. இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன்.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்தி வந்தார். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றதால் நான்தான் அவரை நெஞ்சு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கிருமியை அடிக்க வேண்டிய அணுக்கள் அவருடைய நுரையீரலையே அடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தன. மருத்துவர் அவற்றை அடக்கும் மாத்திரைகளை எழுதினார். திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதை வீட்டில் நானே விளக்கிவிடுவேன் என்று அவர் என்னிடம் விட்டுவிட்டார். நான் வீட்டில், "நுரையீரல்ல வீக்கம், மாத்திரை போட்டா வத்திடும், ஒழுங்கா சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகள் இருப்பதால் அண்ணன் என்னை எலி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். "எலிக்கு இதைக் குடுத்துப் பாத்தாச்சா? அது என்ன சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு மூச்சு வாங்குவது குறைந்தது. மாத்திரையால் முகம் மட்டும் உப்பியது. அதன் பிறகு ஒரு நாள் அண்ணனின் இரத்தச் சோதனை முடிவு கேட்டு அண்ணி போன் செய்தார். நான் இரத்தக் குழாய்களை இயந்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். "எதிர்ப்பு சக்தி நல்லா இறங்கிடுச்சு அண்ணி" என்றேன். "நல்லாவா?" என்றார். "ஆமா, நாங்க நெனச்சதுக்கு மேலயே" என்றேன். நான் நல்லா என்றது நல்லபடியாக என்ற பொருளில். அவர் காதில் அது நிறைய என்று விழுந்திருக்கிறது. ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் எதிர்ப்பு சக்தியை வளர்க்கத்தான் பொடி விற்கிறார்கள். அது இறங்கினால் சந்தோஷப்படுகிறவர்கள் எங்கள் அறையில் இருக்கும் நாலு பேர்தான். இயந்திரம் சத்தம் போட்டதால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் பேசவில்லை.

அதன் பிறகு அண்ணி மருந்துக்கடையில், இந்த மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமா என்று கேட்க, கடைக்காரர் ஆமாம் என்றிருக்கிறார். அண்ணி அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டு முட்டையும் பழமுமாகக் கொடுத்திருக்கிறார். சில வாரம் கழித்து நான் போனபோது அண்ணனின் முகவீக்கம் வடிந்திருந்தது. "முகம் தெளிஞ்சிருக்கு அண்ணா" என்றேன். அவர் அண்ணியைப் பார்த்து, "எலி டாக்டரே சொல்லியாச்சு" என்றார். மூவரும் சிரித்தோம். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த வீக்கம் அப்படி வடியாது. இதை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்துகிறேன். அன்று எனக்கு அது உறைக்கவே இல்லை. என் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அதன் பிறகு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு முட்டி, மருத்துவமனையில் சேர்த்து, அங்கேயே இறந்துபோனார். மாத்திரை எங்கே என்று நான் கேட்டதற்கு அண்ணி பையிலிருந்து பிரிக்காத அட்டைகளை எடுத்து நீட்டினார். "நீங்கதான் கொன்னீங்க" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். அவரைப் பேசவே விடவில்லை.

நேற்று இங்கே விசாரணையில் அண்ணி ஆய்வாளரைப் பார்த்து, "இவதான் சார் சொன்னா, எதிர்ப்பு சக்தி நல்லா இறங்கிடுச்சுன்னு. இவகிட்ட கேட்டுட்டு நிறுத்தலாம்னேன். அவ ஏற்பாடு பண்ணின மாத்திரை, நிறுத்தறோம்னு சொன்னா அவ மனசு நோகும்னு அவருதான் வேணாம்னாரு" என்றார். நான் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதன் பிறகு வெளியே சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்று, அது இறங்கியது நல்ல சேதிதான் என்பதை அண்ணியிடம் சொன்னேன். அவர், "அப்போ நான் மாத்திரையை நிறுத்தாம இருந்திருந்தா அவர் இருந்திருப்பாரா?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் சொல்ல முடியாது அண்ணி, இந்த நோய் யார் கையிலயும் இல்ல" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. புகாரில் அவரைக் குற்றம் செய்த எதிரி என்று எழுதியிருப்பதை எடுத்துவிடும்படியும், விசாரிப்பதானால் என்னை விசாரிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நடந்தபடியே, உண்மையாகவே இருக்கிறது. அண்ணியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் மட்டும் பொய். அவர் எதிரில் இதைப் படிக்க நேர்ந்தால் இந்தக் கடைசி வரிகளை விட்டுவிட்டுப் படிக்கவும்.

(கையொப்பம்)