மெழுகில் பதிந்த கை

டொக்குன்னு கேட்டுச்சா? ம். இப்ப இதக் கேளு. ணங். அவ்வளவுதான் தம்பி விஷயமே. முதல்ல தட்டின கட்டையில உள்ள புழு குடைஞ்சிருக்கு, வெளிய பாத்தா ராஜா மாதிரி இருக்கு. ரெண்டாவது கொய்யா. தோல் வெட்டற கத்திக்குக் கொய்யாப் பிடிதான். கருங்காலி வேணாம், சொன்னாக் கேளு. நம்ம மரிகினா ஊர்ல அடிக்கற புழுக்கத்துக்குக் கை வேர்க்கும், கருங்காலி வழுக்கும், அப்புறம் கத்தி எங்க போகும்னு சொல்ல முடியாது.

உக்காரு. ஏன் வாசலையே பாக்கற? இந்த ஜீப்னி வண்டி போனா இன்னொண்ணு வரும்.

கை அச்சு பிடிச்ச மெழுகு கொண்டாந்தியா? குடு. ஈரத்துணியில சுத்தியா? பரவால்ல, பக்குவம் தெரிஞ்ச ஆளுதான் பிடிச்சிருக்கான். காலையில பிடிச்சதாக்கும், ஓரம் இன்னும் பிசுபிசுங்குது. உன் கையக் காட்டு. அட, சும்மா காட்டு. இது உன் கை இல்லையே. கூட்டாளிக்கா? கூட்டாளிக்குக் கால் இல்லையா, நேர்ல வர? ஓ, காய்ச்சலா. காய்ச்சல்காரன் நல்லாத்தான் இறுக்கியிருக்கான்.

இடது கைக்காரன். சுண்டுவிரல் வேற பாதிதான் இருக்கு. எந்தப் பட்டறை? பேரு? ஒரு பேரச் சொல்ல இவ்வளவு யோசிக்கணுமா? நார்சிசோ. சரி, நார்சிசோன்னே வச்சுக்குவோம்.

என் வீட்டுக்காரரும் ஷூ தைக்கறவருதான். செராப்பியோ. கேள்விப்பட்டிருப்பியே? இல்லையா! இந்த ஊர்ல இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு அவரத் தெரியாதுங்கற. துபாய் போயி ரெண்டு வருஷம் ஆகுது. ஞாயித்துக்கிழமையானா போன் வந்துடும். மணலு, சூடுன்னு ஒரே புலம்பல். போன வாரம் பேசறப்ப பின்னால சேவல் கூவுது. துபாய்ல ஏதுங்க சேவல்னேன். பக்கத்து ரூம்காரன் டிவி பாக்கறான்னாரு. நானும் சரி சரின்னு கேட்டுக்கிட்டேன்.

உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஃபேனத் திருப்பி வச்சுக்கோ.

அந்த ஆணியில ஒரு பிடி தொங்குது பாரு, எடு. பயப்படாத, கடிக்காது. கொய்யாதான். அவரு கிளம்பறப்ப செஞ்சு குடுத்தேன், பாரம்னு விட்டுட்டுப் போயிட்டாரு. கையளவு மரத்துண்டு பாரமாம்! அத மெழுகுப் பக்கத்துல வை. சுண்டுவிரல் எங்க முடியுது? பாத்தியா. மத்த விரலும் அப்படியே. என்ன, மெழுகுல இருக்கற கை கொஞ்சம் சதை போட்டிருக்கு. யாரோ நல்லா ஆக்கிப் போடறாங்க.

ஏய், எந்திரிக்காத. உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன். விலாசம்கூட வேணாம். வேற யாரு செஞ்ச பிடியும் கையில உக்காரல போல. நூறு மெழுகுல இது நூத்தியொண்ணு, இவளுக்கு எங்க தெரியப் போகுதுன்னு நெனச்சிருப்பாரு.

ஆனா ஒண்ணு. மெழுகு பிடிக்கறதுக்கு முன்னால மோதிரத்தக் கழட்டிடணும். தொழிலுக்கு நேத்து வந்தவனுக்கும் தெரியும் அது. கழட்டாமப் பிடிச்சா மெழுகுல பள்ளம் விழும், அதப் பாத்து அப்படியே செதுக்கினா அந்த விளிம்பு நாள் பூரா விரல உரசி, சாயங்காலத்துக்குள்ள கொப்பளம் போட்டுடும். அவரு மறந்துட்டாரு. மோதிரம் போட்டுப் பழக்கம் இல்லல்ல. இங்க பாரு, மோதிர விரல் பதிஞ்ச இடத்துல குறுக்கால ஒரு கோடு. எங்க கல்யாண மோதிரம் ரெண்டையும் வெள்ளம் வந்த வருஷமே வித்துட்டோம். அந்தக் காசுலதான் இந்தக் கடைசல் மெஷினு.

வியாழக்கிழமை வா. உன் நார்சிசோகிட்ட சொல்லு, கொய்யாவுலயே பண்றேன், மெழுகுல என்ன இருக்கோ அதுல ஒண்ணும் விட மாட்டேன். அந்தக் கோட்டையும் சேத்தே செதுக்கறேன்.

கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி. நீ வர்றப்ப பாதியில வச்ச வேலை கிடக்கு, அரம் போடணும். தூள் பறக்கும்.