மூன்றாம் வரிசையிலிருந்து முதல் கேள்வி

வீட்ஸ்கே: முதல்ல தொண்டை வலின்னு சொன்ன. இப்ப முட்டி வலிங்கற. கேள்வி கேக்கறதுக்கு முட்டி எதுக்கு ஈல்கோ?

ஈல்கோ: எழுந்து நிக்கணுமே.

வீட்ஸ்கே: உக்காந்தே கேளு. மூணாவது வரிசையிலேர்ந்து நீ முனகினாலே சர்ச் வாசல் வரைக்கும் கேக்கும்.

ஈல்கோ: நீ பேசற இந்த வருஷம் வேண்டாம், வீட்ஸ்கே. வேற யாராவது கேக்கட்டும்.

வீட்ஸ்கே: யாரு? இந்த ஊர்ல முதல் ஆளா கை தூக்கறதுக்கு ஒரு ஜீவன் உண்டா? எல்லாரும் அவங்கவங்க செருப்பைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. நீ ஆரம்பிச்சாத்தான் ஆளாளுக்கு வாய் திறக்கும். பத்தொம்பது வருஷமா ஒவ்வொரு சொற்பொழிவுலயும் அப்படித்தானே.

ஈல்கோ: நீ பேசினதும் நல்லா கை தட்டுவாங்க. அது போதாதா...

வீட்ஸ்கே: கை தட்டறதுக்கா சொற்பொழிவு? பல்கலைக்கழகத்துலேர்ந்து அந்த திருமதி ரோஸ்கம் வந்திருக்கா. முன்வரிசையில, மடியில கோப்பு. விசுவாசத்தையும் படிப்பையும் ஊர் நிர்வாகத்தையும் ஒண்ணா முடிச்சுப் போடற பேச்சு இனிமே யாருக்கு வேணும்னு போன மாசமே என்னைக் கேட்டா. இன்னைக்கு ஒரு வாக்குவாதம் நடந்தாத்தான் அடுத்த வருஷமும் பல்கலைக்கழகம் நம்ம கூட நிக்கும். எல்லாரும் காப்பி குடிச்சிட்டு வாயை மூடிட்டுப் போனா இதோட சரி. என் ஹார்மன் செத்த வருஷமே அவர் ஆரம்பிச்ச சொற்பொழிவும் நின்னுபோகும்.

ஈல்கோ: அதைக் கொண்டுவந்து என் தலையில வெக்கறியே.

வீட்ஸ்கே: வேற எந்தத் தலை இருக்கு? 'நாத்திகப் பேராசிரியர் எழுந்தால் ஆலயமே நிமிர்ந்து உட்காருகிறது'ன்னு பேப்பர்ல போட்டான். அதைக் கத்தரிச்சு பிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருந்த.

ஈல்கோ: அது என் பொண்ணு ஒட்டினது.

வீட்ஸ்கே: உனக்கு ரெண்டும் பையனாச்சே.

ஈல்கோ: ...மருமக.

ஃபென்னா: அக்கா, உள்ள வரலாமா? நாப்பத்தொரு பேர் வந்திருக்காங்க. நான் கேக்கை அறுபதா வெட்டித் தொலைச்சிட்டேன்.

வீட்ஸ்கே: காப்பிக்கு ஆளுக்கு ஒரு துண்டுதான், ஃபென்னா. மிஞ்சினா மிஞ்சட்டும்.

ஃபென்னா: எனக்குத் தெரியாதா. ரெண்டாவதுக்குக் கை நீட்டற ஒரே ஆளு இங்கதான் உக்காந்திருக்காரு. ஏன் புரொஃபசர், இன்னைக்கு நம்ம அக்காவையே மடக்கப் போறீங்களாமே? எங்க வீட்டுக்காரர் அதைப் பாக்கன்னே சவரம் பண்ணிட்டு வந்திருக்காரு.

ஈல்கோ: பாக்கலாம், பாக்கலாம்.

ஃபென்னா: நாலு வருஷம் முன்னாடி கேட்டீங்களே... 'கோயிலை மேட்டுல கட்டினவங்க கூலிக்காரனை ஏன் பள்ளத்துல குடி வெச்சாங்க? அயலானை நேசின்னு மேட்டுல நின்னு சொன்னது தண்ணிக்குள்ள இருந்தவனுக்குக் கேட்டுதா'ன்னு. எங்கப்பா சாகற வரைக்கும் அதையே சொல்லிட்டிருந்தாரு. சரி அக்கா, நான் போறேன், இன்னும் கால் மணி நேரம் இருக்கு.

வீட்ஸ்கே: ...அந்தக் கேள்வி உனக்கு எப்படித் தோணிச்சு?

ஈல்கோ: எது?

வீட்ஸ்கே: மேடு, பள்ளம்.

ஈல்கோ: அதுவா... குளிக்கும்போது.

வீட்ஸ்கே: குளிக்கும்போது.

ஈல்கோ: தண்ணி வடியறதைப் பாத்துட்டே நின்னேன். விஞ்ஞானிக்கு அப்படித்தான் வரும்.

வீட்ஸ்கே: ஹேக்லேர்ந்து மந்திரி பேச வந்தப்போ, 'ஞாயித்துக்கிழமை கூப்பின கை திங்கக்கிழமை யாருக்கு எதிரா கையெழுத்துப் போடுது'ன்னு கேட்டியே, அதுவும் குளியலறையா?

ஈல்கோ: அது சைக்கிள்ல. எதிர்காத்து.

வீட்ஸ்கே: நல்ல காத்து. இன்னைக்கு வர்றப்போ அடிக்கலையா?

ஈல்கோ: பஸ்ல வந்தேன்.

வீட்ஸ்கே: ஓஹோ.

ஈல்கோ: சிரிக்காத. ஹார்மன் போய் ஆறு மாசம் ஆகல. நீ மேடையில நிப்ப, நான் எழுந்து உன்னைக் குத்தணுமா? ஊர் என்ன பேசும்?

வீட்ஸ்கே: முப்பது வருஷம் நீர்வாரியத்துல இருந்தவ நான். அணைக்கரையை எத்தனை சென்டிமீட்டர் உசத்தறதுன்னு விவசாயிங்களோட மல்லுக்கு நின்னவ. உன் குத்துல உடைஞ்சிடுவேனா? ஆறு மாசமா எல்லாரும் என்கிட்ட பஞ்சு மாதிரி பேசறாங்க. ரொட்டிக்கடைக்காரன்கூட என்னைக் கண்டா குரலைத் தாழ்த்தறான். யாராவது ஒருத்தர் என்னை எதிர்த்துப் பேசமாட்டாங்களான்னு இருக்கு எனக்கு.

ஈல்கோ: என்கிட்ட கேள்வி இல்ல.

வீட்ஸ்கே: நான் இன்னும் பேசவே இல்லையே.

ஈல்கோ: பேசினாலும் வராது. எப்பவுமே வந்ததில்ல... கதவைச் சாத்து.

வீட்ஸ்கே: சாத்தித்தான் இருக்கு.

ஈல்கோ: அத்தனையும் ஹார்மனோடது. பத்தொம்பதும். பேச்சு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எனக்குப் பெப்பர்மின்ட் நீட்டுவானே, பாத்திருப்ப.

வீட்ஸ்கே: ஊரே பாத்திருக்கு. கோயில்ல பக்கத்துல இருக்கறவனுக்கு நீட்டறது வழக்கந்தானே.

ஈல்கோ: அந்த மிட்டாய்க் காகிதத்துக்குள்ள ஒரு சீட்டு இருக்கும். அவன் கையெழுத்துல. மனப்பாடம் பண்ணிட்டு சீட்டைத் தின்னுடுவேன்.

வீட்ஸ்கே: தின்னுடுவியா?

ஈல்கோ: முதல் வருஷம் மட்டும். அப்புறம் சட்டைப்பையில. யாருமே கேக்கலைன்னா மானம் போயிடும்டான்னு கெஞ்சினான். ஒருதரம்தானேன்னு ஒத்துக்கிட்டேன். மறுநாள் பேப்பர்ல என் பேர் வந்துது... பிடிச்சுப் போச்சு.

வீட்ஸ்கே: இதைச் சொல்லத்தான் தொண்டையும் முட்டியுமா?

ஈல்கோ: இல்ல. சொல்லாம இருக்கத்தான். கடவுள் இல்லைங்கறது எனக்கு அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு கேள்வியும் குடைஞ்சதில்ல. அவனோ ஊருக்கே பிரசங்கம் பண்ணினவன். அவன் மனசுக்குள்ள அவ்வளவு குடைச்சல் இருந்திருக்கு. உன் புருஷன் சந்தேகத்தோடவே கண்ணை மூடினான்னு என் வாயால உனக்குத் தெரிய வேண்டாம்னு நெனச்சேன்.

ஃபென்னா: அக்கா, கதவைத் தட்டறது கேக்கலையா? மணி மூணு. திருமதி ரோஸ்கம் கடிகாரத்தைப் பாக்கறாங்க.

வீட்ஸ்கே: வந்துட்டேன், ஃபென்னா, நீ போய் உக்காரு... யாருக்கு சந்தேகம்? ஹார்மனுக்கா? சூப்புல உப்பு இருக்கான்னுகூட அந்த மனுஷனுக்கு சந்தேகம் வந்ததில்ல. கேள்வி எல்லாம் நான் எழுதினது, ஈல்கோ. பத்தொம்பதும். என் கையெழுத்து உனக்குத் தெரியும்னு அவர்தான் உக்காந்து பாத்து எழுதுவார், 'இவ்வளவு குரூரமாவா கேக்கறது'ன்னு புலம்பிக்கிட்டே. நீயா வாய் திறந்து சொல்றியான்னுதான் இவ்வளவு நேரம் பாத்தேன். இந்த வருஷத்துக்கும் எழுதிட்டேன், பாத்து எழுதத்தான் ஆள் இல்ல. இந்தா, என் எழுத்துலயே படி. 'ஊரைக் காப்பாத்த யார் வயல்ல வெள்ளத் தண்ணியைத் திறந்து விடறதுன்னு நீர்வாரியத்துல கையெழுத்துப் போட்டீங்களே, அந்த வயல்காரனோட அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரே பெஞ்சுல எப்படி உக்காந்தீங்க?' எழுந்து நின்னு உரக்கக் கேளு. இதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல.