தொங்கு கட்டில்

— ஏனுங்க, பலாமரத்துல ரெண்டு கட்டிலயும் இப்படித் தொங்கவிட்டா, போறவங்க வாரவங்க என்ன நெனப்பாங்க?

— நெனச்சுட்டுப் போறாங்க. எதை எடுத்துட்டுப் போறதுன்னு இன்னிக்கு முடிவு பண்ணியாகணும் கவிதா. சனிக்கெழம ஆனைச்செவிப் பாறைல ஏறறேன்.

— போன வாரம் பஸ் மேல இருந்து எறக்கறப்பவே கண்டக்டர் கேட்டாரு... யாருக்குப் பாடைன்னு.

— நீ என்ன சொன்ன?

— வாயக் கழுவுங்கன்னேன். எங்க ஊட்டுக்காரர் படுக்கற கட்டிலுன்னேன்.

— வெவரமாச் சொல்ல வேண்டியதுதான?

— எப்படிங்க? எழுநூறு அடிப் பாறை, ஏற மூணு நாளாகும், பொழுது போனா பாறையிலயே கட்டில மாட்டித் தொங்கிட்டுத் தூங்குவாருன்னா? மலைப்பாதை எழுபது வளைவுலயும் பஸ்ஸ நிறுத்தி நிறுத்திச் சிரிப்பாரு.

— சிரிக்கட்டும். பிரவுசிங் சென்டர்ல எடுத்த கட்டில் படத்தக் காட்டினப்ப சின்னுசாமி அண்ணனும்தான் சிரிச்சாரு. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கற கை... அலுமினியக் குழாய்ல எப்படி இழுத்துக் கட்டியிருக்காரு பாரு. ஒரு சுருக்கம் இருக்கா?

— இல்லீங்க. அழகாத்தான் இருக்கு. எதுன்னு சொல்லுங்க.

— சின்னதுதான். நாலு கிலோ. நான் ஒருத்தன்... கயிறு, தண்ணி, சோறு எல்லாத்தையும் நானே மேல இழுக்கணும். பெருசு ஒம்பது கிலோ புள்ள.

— பெருசுதான் நல்லாருக்கு.

— அது ரெண்டு பேர் படுக்கறது.

— சின்னதுல கால் வெளிய நீட்டிக்குதுங்க. எனக்கே பத்த...

— என்ன?

— எனக்கே பாத்தாத் தெரியுது, உங்க ஒசரத்துக்குப் பத்தாதுன்னு சொல்ல வந்தேன்.

— நான்தான் நரிப்பாறைல தொங்கவிட்டு ரெண்டு ராத்திரி படுத்துப் பாத்துட்டேன்ல. திங்கக்கெழம சின்னது, செவ்வாக்கெழம பெருசு.

— தூக்கம் எப்படிங்க வந்துச்சு?

— சொகமா. தொட்டில்ல போட்ட மாதிரி.

— காத்து?

— காத்தெல்லாம்... இல்ல.

— இல்லீங்களா? விடியக்காலம் அடியில இருந்து கெளம்பி, முதுகத் தூக்கித் தூக்கிப் போடும்ல?

— இத உனக்கு யாரு சொன்னா?

— சின்னுசாமி அண்ணன்.

— அவரு மலைக்கே வந்ததில்ல. ஒருக்கா கெளம்பி, நாலாவது வளைவுல வாந்தி எடுத்துட்டு எறங்கிட்டாரு.

— படத்துல பாத்திருப்பாருங்க.

— படத்துல காத்து தெரியுமா?

— அத விடுங்க. முதுகெல்லாம் ஏன் இப்படித் தடிச்சிருக்கு? எறும்பு கடிச்ச மாதிரி... நாப்பதடி ஒசரத்துல தொங்கற கட்டிலுக்கு எறும்பு எப்படிங்க வந்துச்சு?

— பாறை எறும்பு. ஏறி வரும்.

— ஓ... கம்பளில செம்மண்ணு?

— கொண்டு வாரப்பப் பட்டிருக்கும்.

— தொவைக்கறவ கேக்கறேன், அவ்வளவுதான்.

— கவிதா.

— சொல்லுங்க.

— யாருகிட்டயும் சொல்லிராத கண்ணு. நான் தனியா ஏறறதப் பாக்கறதுக்குன்னே மலைக்கு அந்தப் பக்கம் பெரக்கரை நாட்டு ஊருகள்ல இருந்து ஆளுக வாராங்களாம். இங்க பாறையேற வார பெங்களூர் பசங்க வேற போன் போட்டு வாழ்த்திட்டாங்க.

— சொல்ல மாட்டேனுங்க.

— ஏறறதுல எனக்கு ஒரு பயமுமில்ல. கை புடிச்சுக்கும், கால் தன்னால எடந் தேடிக்கும். படுத்தாத்தான்... சும்மா படுத்துக் கெடந்தா, கீழ ஒண்ணுமில்லங்கறது மட்டுந்தான் மண்டைல ஓடுது. ரெண்டு ராத்திரியும் அரை மணி நேரங்கூட இருக்க முடியல. நூலேணி வழியா எறங்கி வந்து பாறையடியிலயே படுத்துட்டேன்.

— எனக்கு அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

— வெக்கமா இருந்துச்சு.

— என்கிட்ட என்னங்க வெக்கம்... அப்பக் கட்டிலு என்னாச்சு?

— அது பாட்டுக்கு மேல சும்மா தொங்கிட்டுக் கெடந்துச்சு.

— சும்மாவா?

— பின்ன? ஏன் இப்படிச் சிரிக்கற?

— திங்கக்கெழம தூக்குச்சட்டிய மறந்துட்டுப் போனீங்கல்ல...

— ஆமா, காலைல பாத்தா நூலேணிக்கு அடியில இருந்துச்சு. உங்கண்ணன் மாணிக்கந்தான் வெச்சுட்டுப் போனாருன்னு சொன்னயே.

— எங்கண்ணன் அன்னிக்குச் சேந்தமங்கலத்துலல்ல இருந்தாரு.

— அப்ப... நீயா வந்த?

— வந்தேனுங்க. நீங்க மண்ணுல கெடந்து கொறட்டை விட்டுட்டு இருந்தீங்க. எழுப்ப மனசு வரல. நிமுந்து பாத்தா கட்டிலு காலியா ஆடுது, நூலேணி தொங்குது. வருசா வருசம் மொளகு பறிக்க அதே ஒசரத்துக்கு மரமேறறவ நான்...

— ஏய்... ஏறினயா?

— ஒரு நாளு பழகிட்டா விட முடியுதுங்களா? மறுநாளும் வந்தேன்.

— இரு இரு... அதுல படுத்து, நீ தூங்கினயா?

— ரெண்டு ராத்திரியும் நல்ல தூக்கம். விடியறதுக்குள்ள எறங்கி ஊட்டுக்கு வந்துட்டேன். சின்னதுல எனக்கே கால் நீட்ட முடியலீங்க. பெருசுல ஒருத்தி மட்டும் படுத்தா ஒரு பக்கமாச் சாயுது, அந்தப் பக்கம் ஒரு ஆளு இருந்தாத்தான் மட்டமா நிக்கும். அதனால ஏறறத நீங்க தனியாவே ஏறிக்கங்க... பொழுது போனா நூலேணிய மட்டும் நீளமாக் கட்டிக் கீழ விடுங்க, தூங்கறதுக்கு நான் வாரேன்.