அரைத்த வாத்து

பாரிஸின் லா சப்பலில் மெட்ரோவுக்குக் காத்துநின்றேன். பக்கத்தில் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள். மூத்தவர் கன்டோனீஸ் சீன உணவகமொன்றின் சமையல்காரர் என்பது பேச்சில் தெரிந்தது.

“இண்டைக்கு வாட்டின வாத்தைக் களியா அரைச்சு, திரும்ப வாத்துத்துண்டு மாதிரியே அச்சில எடுத்தனான்.”

“நல்ல வேலை அண்ணை. நாளைக்குத் தோசையை அரைச்சுத் திரும்ப மாவாக்குங்கோ.”

“முதலாளியின்ரை தேப்பனுக்கடா. பாரிசவாதம் வந்தபிறகு அவருக்கு விழுங்கேலாது, புரைக்கேறும். ஆஸ்பத்திரிக் கூழைக் கண்டா வாயை மூடிப்போடுவார். ஆள் எலும்பாப் போனார்.”

“உங்கடை வாத்தைப் பாத்து இன்னும் இறுக்கி மூடியிருப்பாரே.”

“முழுக்கச் சாப்பிட்டார். பிறகு மகனைக் கூப்பிட்டு, இந்தத் தமிழனுக்கு வாத்துச் சமைக்கத் தெரியாது எண்டாராம்.”

“அப்ப ஆளுக்குச் சுகம் வந்திட்டுது.”

“ஓம். சமைக்கத் தெரியாதவனிட்டை நாளைக்கு இறால் கொழுக்கட்டையும் கேட்டிருக்கிறார்” என்றார் மூத்தவர். முகத்தில் பெருமை மறையவில்லை.